கப்பல் ஊதி முடியும்வரை காத்திருந்தேன்

சூசை மாஸ்டரை மைதானத்தைவிட்டு விரட்டியவன் நான். கையால் தள்ளவில்லை, மைக்கால் விரட்டினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையின் நடுவில் சொன்னால் நீங்கள் அதற்குள் சிரித்துவிடுவீர்கள். சிரித்த வாயோடு கேட்டால் இது குற்றமாகவே தெரியாது. எனக்கும் அப்படித்தான் தெரியாமல் போனது.

இந்தக் கோடையில் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிக்கு மைக் பிடிக்கப்போகிற தம்பி தங்கைமாருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பழைய மாணவர் சங்கத்தார் கேட்டார்கள். கோல் விழும்போது குரலை எவ்வளவு நீட்டுவது, அன்பளிப்புச் செய்தவர்களின் பெயரை எப்போது வாசிப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் மைக்கை வைத்துவிட்டவன். எனக்குத் தெரிந்தது, எந்த இடத்தில் வாயை மூடியிருக்க வேண்டும் என்பது மட்டும். அதையும் பிந்தித்தான் தெரிந்துகொண்டேன்.

இத்தாலியின் பலேர்மோவில் நாங்கள் அடுத்தவர் வீடுகளில் வேலை செய்து, கிழமை முழுக்க மெல்லக் கதைக்கிறவர்கள். வீட்டுக்காரச் சிஞ்ஞோரா நித்திரை, கதவை மெல்லச் சாத்து. அவ்வொக்காத்தோவுக்கு, அதுதான் வழக்கறிஞருக்கு, தலையிடி, தண்ணீரை மெல்லத் திற. ஊரில் பட்டம் பெற்று மேல்வகுப்புக்குப் படிப்பித்த நான், இங்கே ஒரு வயதான வழக்கறிஞரின் வீட்டில் அவருடைய காலுக்கு மருந்து பூசி, பத்திரிகை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். வாசிக்கும்போதுகூட அவர் கையைத் தாழ்த்திக் காட்டுவார், சத்தம் குறைக்கச் சொல்லி. அப்படிப்பட்ட ஒருவனிடம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மைதானத்தின் நான்கு மூலைக்கும் ஒலிபெருக்கி கட்டி, இந்தா கதை என்று மைக்கைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்?

உதைபந்தாட்டம் என்றால் எங்களுக்கு மைக்கும் சேர்த்துத்தான். மன்னாரில் பந்து உருள முன்னரே அறிவிப்பாளரின் குரல் உருளத் தொடங்கிவிடும். அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்துவிட்டோம். இத்தாலிய மத்தியஸ்தர்களுக்கு இது விளங்குவதில்லை. முதல் தடவை வந்த ஒருவர், என் குரலைக் கேட்டு யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து, வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஒருமுறை எதிரணிக்குப் பெனால்டி. அதே நேரம், வாசலை மறித்துக்கொண்டு நிற்கும் வெள்ளைப் பாண்டாக் காரை எடுக்கச் சொல்லி யாரோ சொல்ல, நானும் அறிவித்துவிட்டேன். பந்தை உதைக்க ஓடிவந்தவர் பாதியில் நின்று, வாசல் பக்கம் திரும்பிப் பார்த்து, பிறகு உதைத்தார். பந்து சுவரைத் தாண்டித் துறைமுக வீதிக்குப் போனது. கார் அவருடையது. எங்கள் பக்கம் ஒரே கைதட்டல். நான் வேண்டுமென்று செய்ததாக இன்றைக்கும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கே நான் ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும். மைக்கில் சொல்வது எல்லோருக்கும் பொதுவாய்ப் போகிறது என்று நாம் நினைக்கிறோம். அது யாரைப் பற்றியதோ, அவருடைய காதில் தனியாகத்தான் விழுகிறது.

இனி சூசை மாஸ்டர். எங்கள் ஊர்க் கல்லூரிப் பழைய மாணவர் அணிக்கு அவர்தான் பயிற்றுநர். இந்த ஊரில் கல்லூரியின் முதல் பதினொருவரில் உண்மையாகவே விளையாடியவர் அவர் ஒருவர்தான். விளையாடியவருக்குப் படிப்பிக்கவும் தெரியும் என்று சங்கம் முடிவெடுத்தது. தெரியாது. இன்றைக்கும் இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. அவர் மோசமான பயிற்றுநர்.

அணியை அவர் வகுப்பு மூப்புப்படி தெரிவுசெய்வார். கல்லூரியில் முதல் படித்து வெளியேறியவருக்கு முதலிடம். அதனால் வயிறு முன்னே போக, பந்தைப் பின்னால் தேடிக்கொண்டு வரும் அண்ணைமார் களத்தில் நிற்பார்கள். இங்கே பிறந்த, மான் மாதிரி ஓடும் அவர்களுடைய பிள்ளைகள் வாங்கில் இருந்து இத்தாலியனில் புறுபுறுப்பார்கள். ஒரு கோல் முந்திவிட்டால் மாஸ்டருக்குப் பயம் பிடித்துவிடும். கோட்டின் ஓரத்தில் நின்று, இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கி, உள்ளங்கையைத் தன் பக்கமாக ஆட்டி ஆட்டி எல்லோரையும் பின்னுக்கு அழைப்பார். துறைமுகத்தில் லொறியை நேப்பிள்ஸ் கப்பலுக்குள் பின்பக்கமாக ஏற்றுகிறவர்கள் கைகாட்டுவார்களே, அச்சொட்டாக அதே கை.

அந்த வருடம் தோல்விக்கு மேல் தோல்வி. சனத்துக்கு ஆத்திரம். கிழமை முழுக்க அடுத்தவர் வீட்டில் குனிந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையாவது வெல்வோம் என்று வருகிறவர்கள். றோல்ஸ் விற்கும் மேசைக்குப் பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: "மாஸ்டர், கோல்போஸ்டுக்குப் பின்னாலையும் ரெண்டு பேரை விடுங்கோவன்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. றோல்ஸ் விற்கிறவனுக்கு வருகிற வசனம் பட்டதாரிக்கு வராதா? அடுத்த முறை மாஸ்டர் கையைத் தூக்கியதும் மைக்கில் சொன்னேன்: "எங்கடை பயிற்றுநர் இண்டைக்கும் நேப்பிள்ஸ் கப்பலுக்கு லொறி ஏத்துறார்."

மைதானமே குலுங்கியது. அன்றிலிருந்து அவர் கையைத் தூக்கினால் சனமும் தூக்கியது. பிள்ளைகள் "இந்தியேத்ரோ, இந்தியேத்ரோ" என்று, அதாவது பின்னுக்கு, பின்னுக்கு என்று, லொறிக்காரர் மாதிரிச் சிசிலியன் இழுவையில் கத்தத் தொடங்கினார்கள். போட்டிகள் முகநூலில் நேரலையாகப் போகும். மன்னாரிலிருந்து மாஸ்டரின் அக்கா தொலைபேசி எடுத்து, இதென்ன கை, ஏதும் புது வருத்தமோ என்று கேட்டாராம்.

என்னை ஒருவர் எச்சரித்தார். எங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுத்து, தானே வந்து இயக்குகிற பெண். என்னைவிட மிக இளையவர். பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இடைவேளையில் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்:

"அங்கிள், பந்தைப் பற்றிக் கதையுங்கோ. ஆளை விடுங்கோ."

"சனம் சிரிக்குது, பிள்ளை."

"சனம் எதுக்கும் சிரிக்கும். கலியாண வீட்டிலை மைக் கீச்சிட்டாலும்தான் சிரிக்குது."

நான் அதற்கும் சிரித்துவிட்டு, போய் மைக்கை எடுத்தேன்.

கடைசிப் போட்டி, யாழ்ப்பாணக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர்களோடு. அவர்களிடம் தோற்றால் ஒரு வருடம் முழுக்கக் கலியாண வீடுகளில் அவர்களுடைய மேசையைத் தாண்டிப் போக முடியாது. நாங்கள் ஒரு கோல் முந்தி நின்றோம். மாஸ்டரின் கை மேலே போனது. எல்லோரும் பின்னுக்கு வந்தார்கள். பிறகு கோல் ஒன்று வாங்கினோம், பிறகு இன்னொன்று. விசில் ஊதியது.

சங்கச் செயலாளர் வேலியைப் பிடித்து உலுப்பிக்கொண்டு, மாஸ்டர் விலக வேண்டும் என்று கத்தினார். யாரோ அணியின் ரீசேட்டைக் கழற்றி நிலத்தில் எறிந்தார். சூசை மாஸ்டர் தண்ணீர்ப் போத்தல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். சனம் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டது. ஒரு கை மேலே போனது. இன்னொன்று போனது.

அப்போது நேப்பிள்ஸ் கப்பல் ஊதியது. எங்கள் மைதானத்தில் கப்பல் ஊதினால் ஒலிபெருக்கியால் ஒரு பயனும் இல்லை. எல்லோரும் காத்திருக்க வேண்டும். இதைக் கவனமாகக் கேளுங்கள், தம்பிமாரே. எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. ஆத்திரத்தில் வாய் தவறியது என்று சொல்ல எனக்கு வழியில்லை. அவ்வளவு நேரமும் சனம் என் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றது. "பெடியளுக்குக் கை தட்டுங்கோ" என்று சொல்லியிருந்தால் தட்டியிருப்பார்கள். தூக்கிய கை தட்டுவதற்கு இறங்கியிருக்கும். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் வேறு ஒரு வசனம் வந்துவிட்டது. நல்ல வசனம். நல்ல வசனமாக இருந்ததுதான் ஒரே காரணம். அது எல்லோர் காதிலும் தெளிவாக விழவேண்டும் என்று, கப்பல் ஊதி முடியும்வரை காத்திருந்தேன்.

"கப்பல் வெளிக்கிட்டிட்டுது. எங்கடை மாஸ்டரையும் பின்பக்கமாய் ஏத்தி விடுங்கோ."

மைதானம் முழுக்கக் கைகள். பெண்கள், பிள்ளைகள், தோற்கடித்த அணிக்காரர்கூட. வாசல்வரைக்கும் அவரைக் கைகாட்டிக் கைகாட்டி அனுப்பினார்கள். லொறி பின்னுக்கு வரும்போது எழுப்பும் சத்தத்தை ஒருவர் வாயால் வேறு போட்டார். மாஸ்டர் வாசலில் நின்று, என் மேசைப் பக்கம் திரும்பிச் சிரித்தார். சிஞ்ஞோராவின் நல்ல கோப்பையை உடைத்துவிட்டு நிற்கும்போது நாங்கள் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. அடுத்த வசனத்துக்கு வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. ஒலிபெருக்கிப் பெண் மைக்கின் ஆளியை அணைத்திருந்தார். பிந்திவிட்டது.

விசிலுக்குப் பிறகு விளையாட்டு முடிந்துவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கிழமைகள் போகவும் அந்தக் கை கோயிலுக்குள் வந்தது. நற்கருணை வரிசையில் மாஸ்டர் நின்றால், அவருக்கு முன்னால் நிற்கிற யாராவது இடுப்புக்குக் கீழே, பாதருக்குத் தெரியாமல், கையைப் பின்பக்கமாக ஆட்டுவார்கள். பிறகு அவர் தமிழ்ப் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

இதற்கிடையில் சங்கம் கூடி, மைக்கில் இவ்வளவு தெரிந்தவருக்குக் களத்தில் எவ்வளவு தெரியும் என்று, என்னை ஏகமனதாகப் பயிற்றுநராக்கிவிட்டது. நானும் மறுக்கவில்லை. இனி இளம்பிள்ளைகள்தான் விளையாடுவார்கள் என்று அறிவித்தேன். மூத்த வகுப்பு அண்ணைமார் மூன்று பேர் தொலைபேசி எடுத்து, சுகம் விசாரித்தார்கள். அடுத்த ஞாயிறு பயிற்சியில் அவர்கள் மூன்று பேரும் களத்தில் நின்றார்கள்.

ஒரு சனிக்கிழமை போர்கோ வெக்கியோச் சந்தையில் மாஸ்டரின் மனைவி ஜெசிந்தாவைக் கண்டேன். மீன் தட்டுக்கு முன்னால் நின்றோம். மீன்காரர், வாட்டசாட்டமான சிசிலியன், எங்களைக் கண்டதும் சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கி, பின்னுக்கு, பின்னுக்கு என்று ஆட்டினார். எங்கள் பெடியள் பழக்கிவிட்டிருக்கிறார்கள். நான் நிலத்தைப் பார்த்தேன். ஜெசிந்தா மீனைப் பார்த்தார். விலை கேட்டு, சுத்தம் செய்யக் கொடுத்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, நீங்கள் சொன்னது பிழையெண்டு நான் சொல்லேல்லை. அவருக்கு விளையாட்டுச் சொல்லிக்குடுக்கத் தெரியாதெண்டு எனக்கும் தெரியும். வேலையை எடுத்தனீங்கள், சரி. அவற்றை ஞாயிற்றுக்கிழமையை ஏன் எடுத்தனீங்கள்?"

இப்போது எங்கே பூசைக்குப் போகிறார் என்று கேட்டேன். வுச்சீரியாப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில் இத்தாலியன் பூசை என்றார். "அங்கை ஒருத்தருக்கும் தமிழ் தெரியாதாம். பூசை முடிய நேர வீட்டை வந்து படுக்கிறார். திங்கள் விடிய வேலைக்குப் போறார். இடையிலை ஒரு சனத்தோடையும் கதையில்லை."

வாரத்தில் ஒரு நாள்தான் எங்களுக்கு எங்கள் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட ஆட்கள் இருக்கிறார்கள். அந்த நாளை நான் எடுத்துவிட்டேன்.

திருத்த முயன்றேன். முதல் முயற்சியில் இன்னும் கெடுத்தேன். நத்தார் ஒளிவிழாவில் மைக்கைக் கேட்டு வாங்கி, எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிவிட்டுத்தான் போனேன். எங்கே குரல் உடையவேண்டும் என்றுகூடத் தீர்மானித்திருந்தேன். அந்த இடத்தில் உடைந்தது. பெண்கள் அழுதார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள். கைதட்டல் ஓயும்போது, பின்வரிசையில் ஒருவர் மிகுந்த அன்போடு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். மண்டபம் முழுக்க அன்போடு ஆட்டியது. எல்லாம் நேரலையில் போனது. ஆக, மாஸ்டரை நான் இரண்டு தடவை அவமானப்படுத்தினேன், இரண்டாம் தடவை கண்ணீரோடு.

குளிர் குறைந்தபிறகு ஒருநாள் மாஸ்டரை நேரே தேடிப் போனேன். கடற்கரை நடைபாதையில் தான் பராமரிக்கிற வயதான சிஞ்ஞோராவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார். பக்கத்தில் போய் நடந்தேன். பிறகு அவரே சொன்னார்:

"ஒளிவிழாவிலை நல்லாக் கதைச்சனீங்கள், அண்ணை. வீடியோவிலை பாத்தனான். நீங்கள் எப்பவும் நல்லாத்தான் கதைக்கிறனீங்கள்."

நான் என்ன செய்யவேண்டும் என்று சொல்லுங்கள், செய்கிறேன் என்றேன். அவர் குனிந்து சிஞ்ஞோராவின் காலில் போர்வையைச் சரிசெய்தார்.

"இந்தமுறை நீங்கள் கோட்டிலை நில்லுங்கோ. மைக்கை எனக்குத் தாங்கோ."

நாங்கள் என்ன பேசுகிறோம் என்று சிஞ்ஞோரா கேட்டார். இந்த மனிதர் எனக்கு ஒரு சாமான் இரவல் தரப்போகிறார் என்று மாஸ்டர் இத்தாலியனில் சொன்னார். நல்ல பழக்கம் என்று சிஞ்ஞோரா என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

கோடை வந்தது. சூசை மாஸ்டர் மைக் பிடிக்கிறார் என்ற செய்தி பரவ, போட்டிக்கு வராத சனமெல்லாம் வந்தது. பந்தைப் பார்க்க வந்தவர்கள் குறைவு. நான் எப்படி அடி வாங்கப் போகிறேன் என்று பார்க்கத்தான் வந்தார்கள். நானும் அதற்குத்தான் தயாராக வந்திருந்தேன். வெள்ளைச் சேட்டு வேறு போட்டிருந்தேன். எதற்கென்று தெரியவில்லை.

அவர் அறிவிப்பாளராகவும் மோசம். "பந்து போகுது. பந்து வருகுது. இப்ப ஆரோ வைச்சிருக்கிறார்." அவ்வளவுதான். மூத்த அண்ணைமார் பந்தைத் தவறவிட்டார்கள், நான் தப்பான ஆளை மாற்றினேன், ஒலிபெருக்கியில் பந்து போனது, வந்தது. சனம் புறுபுறுத்தது. இதற்கா பஸ் எடுத்து வந்தோம் என்று ஒருவர் எனக்குக் கேட்கவே சொன்னார்.

பிறகு, எப்படியோ, ஒரு கோல் முந்தினோம். என் ஆட்கள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். எதிரணி ஏறி வந்தது. திடீரென்று மைதானம் அமைதியானது. ஏன் என்று சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் இரண்டு கையும் முகத்துக்கு நேரே தூக்கியிருந்தது. உள்ளங்கை என் பக்கம்.

இறக்க முடியவில்லை. இறக்கினாலும் பார்த்தாயிற்று.

அப்போது கப்பல் ஊதியது. மேசையைப் பார்த்தேன். மாஸ்டர் மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து காத்திருந்தார். ஊதி முடியும்வரை ஏன் ஒருவன் காத்திருப்பான் என்று அந்த மைதானத்தில் என்னைவிட யாருக்குத் தெரியும்? ஒலிபெருக்கிப் பெண்ணைப் பார்த்தேன். ஆளியில் கை வைக்காமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கப்பல் ஓய்ந்தது.

"பயிற்றுநர் கைகாட்டுறார்," என்றார் சூசை மாஸ்டர். ஒலிபெருக்கியில் அவர் மூச்சுவிடுவது கேட்டது. "பெடியள் களைச்சுப் போட்டாங்கள். பந்து வெளியிலை."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் கையைத் தூக்கவில்லை. நான் என் கையை மெதுவாக இறக்கினேன். பிறகு நாங்கள் வழக்கம்போல் கோல் வாங்கித் தோற்றோம். சனம் என்னைத் திட்டியது. என் விளையாட்டைத்தான் திட்டியது. சங்கம் என்னைத் தேத்தண்ணி கொடுத்து, நன்றி சொல்லி, முறையாக நீக்கியது. அது எவ்வளவு பெரிய மரியாதை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பிந்திய ஒரு ஞாயிறு மாஸ்டர் தமிழ்ப் பூசைக்கு வந்தார். நற்கருணை வரிசையில் எனக்குப் பின்னால் நின்றார். முன்னால் இடம் விழுந்தும் நின்றுகொண்டிருந்தேன். "நடவுங்கோ அண்ணை, ஆக்கள் நிக்கினம்," என்றார். நடந்தேன். அதற்குமேல் எங்களுக்குள் பெரிய கதை இல்லை. கண்டால் தலையசைப்பார். எங்கள் வீட்டுக்கு இன்னும் வரவில்லை. மைக்கைத் திரும்பக் கேட்கச் சொல்லிச் சனம் என்னிடம் வருகிறது. மாஸ்டரின் வர்ணனையைக் கேட்டால் நித்திரை வருகிறதாம். நான் கேட்கவில்லை. இந்த வருடம் அவரே போதும் என்றதால்தான் அது உங்களிடம் வருகிறது. வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல வசனம் வாயில் வரும்போது ஒருமுறை மூச்சுவிடுங்கள். மாஸ்டர் விட்டதை நீங்களும் கேட்டிருப்பீர்கள், நேரலையில் இன்னும் இருக்கிறது.

மீன்காரரிடமும் போனேன். அந்தக் கையை இனிக் காட்டவேண்டாம், அது ஒரு மனிதரை நோகச் செய்கிறது என்று சொல்லத்தான் போனேன். எனக்கு எல்லோரும் சொல்லிக் கொடுத்தார்களே, அதுதானே தமிழரின் வணக்கம் என்று அவர் திகைத்தார். இவ்வளவு காலமும் அவர் எங்களுக்கு மரியாதை செய்துகொண்டிருந்திருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்தேன். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன சனிக்கிழமை சந்தையில் சூசை மாஸ்டரைத் தூரத்தில் கண்டேன். மீன்காரர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். மாஸ்டர் மீன் பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கி, நன்றாக ஆட்டி, பதில் வணக்கம் சொன்னார். பிறகு என்னைக் கண்டார். பையை எடுத்துக்கொண்டார். தலையை மட்டும் அசைத்தார்.